கண்ணுக்கு ஐந்து, காதுக்கு மூன்று: பிரெஞ்சு வினைச்சொற்களின் அசைக் கணக்கு

பிரெஞ்சு கற்க உட்காரும் எவரும் முதல் வாரத்திலேயே சந்திக்கும் வினைச்சொல் 'பர்லே'. பேசுதல் என்று பொருள். நிகழ்காலத்தில் அதற்கு ஆறு வடிவங்கள் உண்டு. பி, ஏ, ஆர், எல் என்ற நான்கு எழுத்துகள் வினையடி. 'நான்', 'அவன்' என்ற இரண்டுக்கும் அதன் பின்னால் 'இ' என்ற எழுத்து வரும்; 'நீ' என்றால் இ, எஸ்; 'நாம்' என்றால் ஓ, என், எஸ்; 'நீங்கள்' என்றால் இ, இசட்; 'அவர்கள்' என்றால் இ, என், டி. ஆக ஆறு வடிவங்களுக்கு ஐந்து எழுத்துக்கூட்டல்கள். வாய்விட்டுச் சொன்னால் எஞ்சுபவை மூன்றே: 'பர்ல்', 'பர்-லோன்', 'பர்-லே'. நான், நீ, அவன், அவர்கள் ஆகிய நால்வருக்கும் ஒரே 'பர்ல்'தான். இன்றைய பேச்சு பிரெஞ்சில் 'நாம்' என்பதற்குரிய 'நூ' இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் 'ஓன்' என்ற சொல் வந்து, வினையை ஒருமை வடிவத்துக்கு இழுத்துவிடுகிறது. அங்கும் 'பர்ல்'. காதில் விழுபவை கடைசியில் இரண்டே இரண்டு.

எழுத்துக்கும் ஒலிக்கும் இடையிலான இந்த இடைவெளியைப் பலரும் பிரெஞ்சின் வீம்பு என்றே நினைக்கிறார்கள். பக்கம் பக்கமாக வினைத்திரிபு அட்டவணைகளை மனப்பாடம் செய்ய வைக்கும் வகுப்புகள் அந்த எண்ணத்தை இன்னும் கெட்டிப்படுத்துகின்றன. உண்மையில் அந்த அட்டவணைகளில் 'விதிவிலக்கு' என்று குறிக்கப்படும் பெரும்பாலான மாற்றங்கள் அசை பிரியும் விதத்தின் விளைவுகள். ஓர் அசை எங்கே திறந்து நிற்கிறது, எங்கே மெய்யால் அடைபடுகிறது என்று காது அறிந்துவிட்டால், எந்த இடத்தில் எழுத்து இரட்டிக்கும், எந்த இடத்தில் உயிரின் தலையில் குறி ஏறும் என்பதை ஊகித்துவிடலாம். அட்டவணை அதற்குப் பிறகு வந்தால் போதும்.

இங்கே 'அசை' என்பது யாப்பிலக்கணத்தின் நேர், நிரை அல்ல. ஓர் உயிரை மையமாகக் கொண்டு ஒரே வீச்சில் எழும் ஒலித்துண்டு. கட்டளைக் கலித்துறையில் புள்ளி எழுத்துகளை நீக்கிவிட்டு அடிக்குப் பதினாறோ பதினேழோ எழுத்து எண்ணுகிறோமே, அந்தக் கணக்குக்கு இது மிக நெருக்கம். இந்தக் கட்டுரையில் பிரெஞ்சுச் சொற்கள் ஒலிக்கும்படியே தமிழில் தரப்படுகின்றன. சிறுகோடு அசை பிரியும் இடத்தைக் காட்டும். எழுத்துகளுக்கு நமக்குப் பழகிய ஆங்கிலப் பெயர்களே இடப்பட்டுள்ளன.

பிரெஞ்சில் அசையை எண்ண இரண்டு முறைகள் உண்டு. ஒன்று எழுத்தசை, வரி முடிவில் சொல்லை உடைக்கும் அச்சுக்கூடத்து முறை. இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒரு மெய் வந்தால் அது பின்னால் வரும் உயிரோடு சேரும். இரண்டு மெய்கள் வந்தால் ஆளுக்கொன்றாகப் பிரியும். இரண்டாவது மெய் எல் அல்லது ஆர் ஆக இருந்தால் பல சமயம் இரண்டும் ஒட்டியே நிற்கும். 'காட்டுதல்' என்னும் பொருளுடைய 'மோன்-த்ரே' அப்படிப்பட்டது. இரட்டித்த மெய்யை எழுத்தில் நடுவே பிளப்பார்கள். சொல்லின் இறுதியில் ஒலிக்காத அசை இருந்தால் அதை மட்டும் வெட்டி அடுத்த வரிக்குத் தள்ளக் கூடாது என்பது அச்சுக்கோப்பவர்களின் மரபு.

மற்றது ஒலியசை. இது வாயின் கணக்கு. 'அழைத்தல்' என்னும் வினையை எடுத்துக்கொள்வோம். எழுத்தில் ஏ, இரட்டை பி, இ, எல், இ, ஆர் என்று மூன்று அசை. வாயிலோ 'அ-ப்லே' என்று இரண்டு. இரட்டை பி ஒற்றையாகிறது, நடு உயிர் காணாமல் போகிறது, கடைசி ஆர் ஒலிப்பதேயில்லை. பிரெஞ்சுப் பேச்சில் முக்கால் பங்குக்கு மேற்பட்ட அசைகள் உயிரில் முடிபவை என்பது ஒலியியலார் அளந்து சொன்ன செய்தி. கிடைக்கிற மெய்யையெல்லாம் அடுத்த உயிரிடம் ஒப்படைத்துவிட்டுத் திறந்தே நிற்க விரும்பும் மொழி அது. அந்த விருப்பத்துக்குக் குறுக்கே வருவதும் துணை நிற்பதும் ஒரே எழுத்து: மேலே குறியில்லாத 'இ'. பிரெஞ்சு இலக்கணம் அதை ஊமை என்கிறது.

அதன் ஒலி எகரத்துக்கும் ஒகரத்துக்கும் நடுவே, உதட்டைச் சற்றே குவித்து மெல்ல எழுவது. இங்கே 'எ' என்றே எழுதப்படுகிறது. ஊமை என்று பெயர் பெற்றாலும் அது எப்போதும் ஊமையாக இருப்பதில்லை. எப்போது வாய் திறக்கும், எப்போது உதிர்ந்துபோகும் என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அதை 'மூன்று மெய் விதி' என்று வகுத்தவர் மோரீஸ் கிராமோன் என்ற ஒலியியலார். தெற்குப் பிரான்சின் மோன்பெலியே பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். உச்சரிப்பு பற்றிய அவருடைய நூல் 1914இல் வந்தது. அந்த 'இ' உதிர்ந்தால் மூன்று மெய்கள் ஒன்றோடொன்று மோதும் என்றால் அது உதிராது; இரண்டு மெய்தான் சேரும் என்றால் உதிரும் என்பது விதியின் சாரம். பிற்கால ஆய்வாளர்கள் இதற்குப் பல திருத்தங்கள் சொன்னார்கள். ஆனாலும் வினைச்சொற்களோடு பழகுபவருக்கு இதைவிடப் பயனுள்ள விதி கிடைப்பது அரிது.

இரண்டு எதிர்கால வடிவங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 'கொடுப்போம்' என்பது எழுத்தில் மூன்று அசை. வாயில் 'தொன்-ரோன்' என்று இரண்டே. 'பேசுவோம்' என்பதும் எழுத்தில் மூன்று அசை. வாயிலும் 'பர்-லெ-ரோன்' என்று மூன்று. முதலாவதில் நடு 'இ' உதிர்ந்தால் என், ஆர் என்று இரண்டு மெய்கள்தான் சேரும், தொல்லையில்லை. இரண்டாவதில் உதிர்ந்தால் ஆர், எல், ஆர் என்று மூன்று சேர்ந்து நாக்கைக் கட்டிவிடும். விகுதி ஒன்று, காலம் ஒன்று, வினை வகுப்பும் ஒன்று. அசைக் கணக்கு மட்டும் வேறு.

இன்னும் நுட்பமான ஓரிடம் 'நேசித்தல்' என்னும் வினை. 'நீங்கள் நேசிப்பீர்கள்' என்பது 'வூ-ஸெம்-ரே'. 'நீங்கள் நேசிக்கக்கூடும்' என்ற நிபந்தனை வடிவத்தில் விகுதியோடு 'ய்' ஒலி சேர்கிறது. உடனே உதிர்ந்திருந்த 'இ' திரும்பி வந்து 'வூ-ஸெ-மெ-ரியே' என்று ஓர் அசை கூடிவிடுகிறது. இந்த இரண்டு வடிவங்களின் வேறுபாட்டை விகுதியில் மட்டும் தேடுபவர், நடுவில் ஓர் உயிர் கூடியதைக் கவனிப்பதில்லை. பிரெஞ்சுக் காதோ அந்த நடு உயிரிலேயே செய்தியைப் பிடித்துவிடுகிறது.

'மீண்டும் ஆகுதல்' என்ற வினையில் ஊமை 'இ' மூன்று வரிசையாக நிற்கிறது: 'ரெ-தெ-வெ-நீர்'. நிதானமாகப் படித்தால் நான்கு அசையும் கேட்கும். பேச்சில் 'ரெ-தெவ்-நீர்' என்று மூன்றாகும். மூன்று 'இ'யையும் ஒருசேர உதிர்க்க யாராலும் முடியாது. ஒன்று போனால் பக்கத்திலுள்ளது நிற்க வேண்டும். 'எனக்குத் தெரியாது' என்னும் அன்றாட வாக்கியம் எழுத்தில் 'ஜெ-நெ-ஸெ-பா' என்று நான்கு அசை. தெருவில் அது 'ஷெ-பா'. எதிர்மறைச் சொல் 'நெ' முழுதாகப் போய்விட, 'ஜெ'யின் உயிர் உதிர்ந்து, தனியே நின்ற அதிர்வொலி அடுத்த ஸகரத்தின் சார்பால் அதிர்வை இழந்து ஷகரமாகிவிட்டது. அகராதியோடு பாரீஸ் போய் இறங்குபவர் தடுமாறுவது இத்தகைய இடங்களில்தான்.

தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இந்த ஊமை உயிர் அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. தொல்காப்பியம் அரை மாத்திரை என்று அளந்து தந்த குற்றியலுகரம் இதன் தூரத்து உறவுபோல நடந்துகொள்கிறது. நாகு, அரிது என்ற இரண்டும் சேரும்போது உகரம் மெய்யை விட்டு நீங்க, 'நாகரிது' என்று அகரம் வந்து அந்த மெய்யில் ஏறிக்கொள்கிறது. பிரெஞ்சில் 'ஜெ' என்பதன் பின் 'எம்' வந்தால் 'ஜெம்' ஆவதும் அதே நடைமுறை. வேறுபாடு என்னவென்றால், நம் குற்றியலுகரம் சொல்லின் ஈற்றில் நின்று வருமொழியைப் பார்த்துத் தன் நிலையை முடிவு செய்யும். பிரெஞ்சு ஊமை உயிரோ சொல்லின் நடுவிலும் அதே கணக்கைப் போடுகிறது. அப்படிப் போடும்போது வினையடியின் உருவத்தையே மாற்றிவிடுகிறது.

கற்பவர்களை அதிகம் வாட்டும் மாற்றம் இதுதான். 'வாங்குதல்' என்பது 'அஷ்-தே'. 'நாம் வாங்குகிறோம்' என்பது 'நூ-ஸஷ்-தோன்'. நடு உயிர் உதிர்ந்துவிட்டது. 'நான் வாங்குகிறேன்' என்னும்போது விகுதியின் 'இ' ஒலிக்காது. அப்போது வினையடியின் 'இ'யும் உதிர்ந்தால் சொல்லே சிதைந்துவிடும். சொல்லின் கடைசி ஒலியசையில்தான் பிரெஞ்சின் அழுத்தம் விழும். அந்த இடத்தைத் தாங்கும் வலு ஊமை உயிருக்கு இல்லை. அதனால் அது முழு உயிராக, திறந்த எகரமாக எழுகிறது: 'ஜ-ஷெத்'. எழுத்தில் அந்த மாற்றத்தைக் காட்ட 'இ'யின் தலையில் இடப்பக்கம் சாய்ந்த கோடு போடுகிறார்கள். 'அழைத்தல்' வினையிலும் நடப்பது இதுவே. 'நாம் அழைக்கிறோம்' 'நூ-ஸ-ப்லோன்'. 'நான் அழைக்கிறேன்' 'ஜ-பெல்'. இங்கே கோடு போடாமல் எல் எழுத்தை இரட்டித்துவிட்டார்கள். ஒலியில் நிகழ்ந்த ஒரே மாற்றத்துக்கு எழுத்தில் இரண்டு தீர்வுகள். எந்த வினைக்கு எது என்பது வழக்கத்தைப் பொறுத்தது. பல தலைமுறை மாணவர்கள் அடி வாங்கியது இந்த இடத்தில்.

1990 டிசம்பர் 6 அன்று பிரான்சின் அரசிதழில் வெளியான எழுத்துத் திருத்தங்கள் இந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தன. இந்த வகை வினைகளுக்கெல்லாம் கோடு போடும் முறையே போதும். 'அழைத்தல்', 'எறிதல்' ஆகிய இரண்டும் அவற்றின் குடும்பமும் மட்டும் இரட்டித்த எழுத்தை வைத்துக்கொள்ளட்டும் என்றன. நீர் வழிந்தோடுவதையும் பொருளுக்குச் சீட்டு ஒட்டுவதையும் சொல்லும் வினைகள் இப்படி ஒற்றை மெய்யோடு எழுதத் தக்கவையாயின. பழைய எழுத்தும் தவறில்லை என்று விட்டதால் இன்று இரண்டும் புழங்குகின்றன.

அதே திருத்தத்தில் இன்னொரு சிறிய மாற்றம் இருந்தது. அசை பிரிப்பதில் அக்கறை உள்ளவருக்கு அதுவே பெரிய செய்தி. 'விட்டுக்கொடுத்தல்' என்பது 'ஸே-தே'. முதல் உயிர் மூடிய ஏகாரம். எழுத்தில் வலப்பக்கம் சாய்ந்த கோடு. 'நான் விட்டுக்கொடுப்பேன்' என்னும் எதிர்கால வடிவத்தை நூற்றாண்டுகளாக அந்த மூடிய ஏகாரக் கோட்டுடனேயே எழுதிவந்தார்கள். எழுத்தில் அடுத்து வருவது தனி அசையாகத் தெரிந்ததால் முதல் அசை திறந்தது என்று கண் சொன்னது. வாயிலோ நடு 'இ' உதிர்ந்து 'ஸெத்-ரே' ஆகிவிட்டது. முதல் அசை மெய்யால் அடைபட்டு, உயிரும் திறந்த எகரமாகிவிட்டது. 1990 திருத்தம் வாயின் பக்கம் நின்று, இடப்பக்கம் சாய்ந்த கோட்டை அனுமதித்தது. எழுத்தசையின் கணக்கை ஒலியசை வென்ற அபூர்வமான இடம் இது. அசை அடைபட்டால் உயிர் திறக்கும், அசை திறந்தால் உயிர் மூடும் என்ற இந்தப் போக்குக்குப் பிரெஞ்சு ஒலியியலில் 'இட விதி' என்று பெயர்.

வினையடி மாறுவதற்கு இன்னும் பழைய காரணமும் உண்டு. அது லத்தீனில் தொடங்குகிறது. லத்தீன் வினையில் சில வடிவங்களுக்கு அடியில் அழுத்தம் விழும். சிலவற்றுக்கு விகுதியில் விழும். அழுத்தம் விழுந்த அடியின் உயிர் நாளடைவில் பிளந்தது அல்லது நிறம் மாறியது. விழாத அடியில் பழைய உயிர் ஏறக்குறைய அப்படியே தங்கியது. 'முடிதல்' என்னும் வினையில் 'என்னால் முடியும்' 'பெ' என்றும், 'நம்மால் முடியும்' 'பூ-வோன்' என்றும் ஆனது அப்படித்தான். 'இறத்தல்' வினையில் 'மெர்', 'மூ-ரோன்' என்ற இரட்டையும் அதே கதை. பழைய பிரெஞ்சில் இத்தகைய இரட்டைகள் இன்னும் மிகுதி. 'கண்டெடுத்தல்' என்ற வினை இன்று எல்லா வடிவங்களிலும் 'த்ரூவ்' என்றே வருகிறது. மோலியேர் 1666இல் அரங்கேற்றிய 'மனித வெறுப்பாளன்' நாடகத்தில் அதன் பழைய வடிவமான 'த்ரெவ்' எதுகைக்காக வந்து நிற்கிறது. அன்றைக்கே அது பழையதாகிக்கொண்டிருந்தது. பேசுவோர் பல வினைகளின் இரட்டை அடியைச் சமப்படுத்திவிட்டார்கள்; மிக அதிகம் புழங்கும் வினைகள் மட்டும் அசையவில்லை.

பன்மையைக் காது எப்படி அறிகிறது என்ற கேள்வியும் அசையிடமே வந்து நிற்கிறது. 'அவர்கள்' வடிவத்தின் இ, என், டி விகுதி தனியே எந்த ஒலியையும் தருவதில்லை. அதே மூன்று எழுத்துகள் பெயர்ச்சொல்லின் இறுதியில் வந்தால் மூக்கொலி ஆகாரமாக முழங்கும். 'தலைவர்' என்ற சொல் 'ப்ரே-ஸி-தான்'. 'அவர்கள் தலைமை தாங்குகிறார்கள்' என்ற வினை, எழுத்துக்கு எழுத்து அதேபோல இருந்தும், 'ப்ரே-ஸித்'. 'சிறந்த' என்ற அடை 'எக்-ஸெ-லான்'; 'சிறந்து விளங்குகிறார்கள்' என்ற வினை 'எக்-ஸெல்'. கன்னிமடம் 'கூ-வான்'; கோழிகள் அடைகாக்கின்றன என்னும் வினை 'கூவ்'. படிப்பவர் சொல்லின் இலக்கண வகையை அறிந்த பிறகே வாய் திறக்க முடியும்.

விகுதி ஒலிக்காவிட்டாலும் பன்மை முழுதும் மறைந்துவிடுவதில்லை. சில வினைகளில் ஒருமை உயிரில் முடியும். பன்மையில் ஒரு மெய் வந்து அசையை அடைக்கும். 'முடிக்கிறான்' 'ஃபி-நி', 'முடிக்கிறார்கள்' 'ஃபி-நிஸ்'. உயிரில் தொடங்கும் வினையானால் அறிகுறி முன்பக்கம் வருகிறது. 'அவன் நேசிக்கிறான்' 'இ-லெம்'. 'அவர்கள் நேசிக்கிறார்கள்' 'இல்-ஸெம்'. பிரதிப்பெயரின் ஈற்றில் ஊமையாக இருந்த எஸ், அடுத்த உயிரைக் கண்டதும் அதிர்வுள்ள ஸகரமாக உயிர்த்து அந்த உயிரின் மேல் ஏறிக்கொள்கிறது. இதை லியெஸோன் என்கிறார்கள். 'பர்ல்' போல மெய்யில் தொடங்கும் வினைக்கு இந்த உதவியும் கிடையாது. 'அவன் பேசுகிறான்', 'அவர்கள் பேசுகிறார்கள்' இரண்டும் 'இல்-பர்ல்'தான். சூழலைக் கொண்டுதான் பொருள் கொள்ள வேண்டும்.

உயிரும் உயிரும் நேருக்கு நேர் முட்டுவதைப் பொறுக்காத காது பிரெஞ்சுக்கும் உண்டு. நாம் யகரத்தையும் வகரத்தையும் உடம்படுமெய்யாக இடுகிறோம். அவர்கள் தகரத்தை இடுகிறார்கள். 'அவனிடம் இருக்கிறதா?' என்ற வினாவில் 'அ', 'இல்' என்ற இரண்டுக்கும் நடுவே 'த்' வந்து 'அ-தீல்' ஆகிறது. அந்தத் தகரத்தை எழுத்திலும் இரண்டு சிறுகோடுகளுக்கு நடுவே தனியே நிறுத்திக் காட்டுவார்கள். ஏவலில் இன்னொரு விந்தை. 'போ' என்பது 'வா'. அதன் ஈற்றில் எஸ் எழுதினால் பிழை. 'அங்கே போ' என்னும்போது இகர ஒலி பின்னால் வருவதால், இல்லாத எஸ் வந்து சேர்ந்து 'வா-ஸி' ஆகிவிடுகிறது. இலக்கண நூல் இதை விலக்கு என்று எழுதும். காதுக்கு இது விலக்கே அல்ல. திறந்த அசையை அடுத்து இன்னோர் உயிர் வருகிறது, நடுவில் ஒரு மெய் தேவைப்படுகிறது.

வினையின் பெயர் வடிவங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது இ, ஆர் என்று முடிபவை. அந்த ஆர் ஒலிப்பதில்லை. இடைக்காலப் பிரெஞ்சுக்குப் பின் ஈற்று ரகரம் பல சொற்களில் தேய்ந்தது. 'ஃபி-நீர்' வகை வினைகளிலும் அது போய், பிறகு படித்தவர் வழக்கால் திரும்பி வந்தது. 'பர்லே' வகைக்கு வரவில்லை. விளைவு கடுமையானது. 'பேச', 'பேசுங்கள்', 'பேசப்பட்ட' என்பதன் ஆண்பால், பெண்பால், ஒருமை, பன்மை எல்லாம் சேர்த்து ஆறு எழுத்துக்கூட்டல்கள். எல்லாவற்றுக்கும் ஒலி 'பர்-லே'. பிரெஞ்சுக் குழந்தைகளே சொல்வதெழுதுதலில் தடுக்கி விழும் இடம் இது. ஆசிரியர்கள் ஒரு வழி சொல்லித் தருகிறார்கள்: சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் 'கடித்தல்' என்ற வினையை வைத்துப் பார். 'மோர்த்ர்' என்று வந்தால் ஆர் எழுது. 'மோர்-த்யு' என்று வந்தால் கோடு போட்ட இ எழுது. ஒலியில் வேறுபடும் ஒரு வினையைக் கடன் வாங்கி, ஒலியில் வேறுபடாத வினையைப் பிரித்தறியும் இந்த உத்தி, காதை நம்பிய கற்பித்தலுக்கு நல்ல சான்று.

'ஐ' என்ற எழுத்து உயிர்முன் வரும்போது அது உயிரா, யகரமா என்பதும் அசையைக் கூட்டிக் குறைக்கும். 'படித்தல்' என்பது 'எ-த்யு-தியே', மூன்று அசை. 'மறத்தல்' என்பது 'ஊ-ப்லி-யே', அதுவும் மூன்று. ஆனால் இங்கே 'ஐ' எழுத்து தனி உயிராக நிற்கிறது. பி, எல் என்ற இரண்டு மெய்களுக்குப் பின் யகரமும் சேர்ந்தால் நா தாங்காது. 'கத்துதல்' 'க்ரி-யே' ஆவதும், 'நாங்கள் விரும்பக்கூடும்' 'வூ-த்ரி-யோன்' என்று மூன்று அசை ஆவதும் இதனால்தான். இந்தப் பிரிப்பு எப்போதும் இப்படி இருந்ததில்லை. 'கொலைகாரன்' என்ற சொல்லை முன்பு கவிஞர்கள் இரண்டு அசையாக எண்ணிவந்தார்கள். கொர்னேய் 1637இன் 'ல சித்' நாடகத்தில் அதை 'மெர்-த்ரி-யே' என்று மூன்றாக எண்ணினார். மேடை பேச்சைப் பின்பற்றியது. பிறகு செய்யுள் மரபு முழுவதும் அவர் வழியில் வந்தது.

செய்யுளில்தான் ஊமை உயிர் தன் பழைய உரிமையை இன்னும் வைத்திருக்கிறது. அலெக்ஸாந்த்ரன் என்னும் அடிக்குப் பன்னிரண்டு அசை. ஆறாவதன் பின் ஒரு நிறுத்தம். அந்தக் கணக்கில், மெய்யின் முன் வரும் ஈற்று 'இ' ஓர் அசை; உயிரின் முன் வந்தால் கணக்கில்லை. 'அவன் பேசுகிறான்' என்பதன் பின் உயிர் வந்தால் வினை ஓர் அசை. 'அவர்கள் பேசுகிறார்கள்' என்பதன் பின் உயிர் வந்தாலும் வினை இரண்டு அசை. எழுத்தில் நிற்கும் என், டி இரண்டும் அந்த 'இ'க்கு வேலியாகிவிடுகின்றன. பேச்சில் ஒன்றாகிவிட்ட ஒருமையும் பன்மையும் நாடகாசிரியர் ராசீனின் அடிகளில் தனித்தனியே எண்ணப்படுகின்றன. 1680இல் நிறுவப்பட்ட கொமெதி-ஃபிரான்ஸேஸ் அரங்கில் இந்த நாடகங்களை நடிப்பவர்கள் அந்த உயிரை மெல்லவேனும் உச்சரித்தாக வேண்டும். விட்டால் அடி முடமாகிவிடும். இசையிலும் அப்படியே. 'ஃப்ரேர் ஜாக்' என்ற குழந்தைப் பாட்டின் பெயரைப் பேச்சில் சொன்னால் இரண்டு அசை, பாடினால் நான்கு.

எழுத்து ஒலியை எட்டிப்பிடிக்க எவ்வளவு காலம் எடுக்கும் என்பதற்கு இறந்தகாலத் தொடர்வினை நல்ல எடுத்துக்காட்டு. 'இருந்தேன்' என்பதன் விகுதியை ஓ, ஐ என்று எழுதிக்கொண்டே 'எ' என்று ஒலித்துவந்தார்கள். ஏ, ஐ என்று எழுத வேண்டும் என எழுத்தாளர் வொல்தேர் வாதிட்டார். அவர் 1778இல் இறந்தார். பிரெஞ்சு அகாதெமி தன் அகராதியின் ஆறாம் பதிப்பில், 1835இல்தான் அதை ஏற்றது. அவருடைய இன்னொரு விருப்பம் இன்றுவரை நிறைவேறவில்லை. 'செய்கிறோம்' என்பது ஏ, ஐ எழுத்துகளோடு எழுதப்பட்டாலும் 'ஃபெ-ஸோன்' என்று ஊமை உயிரோடுதான் ஒலிக்கும். அதை 'இ' போட்டே எழுதலாம் என்று அவர் அப்படியே எழுதியும் காட்டினார். 'செய்வோம்' என்ற எதிர்காலத்துக்கு 'இ' எழுதும் மொழி நிகழ்காலத்துக்கு மறுப்பதில் நியாயம் ஏதும் தெரியவில்லை.

'வெறுத்தல்' என்ற வினையில் அசைப் பிரிப்புக்கென்றே ஒரு குறி உண்டு. ஏ, ஐ இரண்டும் சேர்ந்தால் 'எ' ஆகிவிடும் என்பதால், ஐயின் தலையில் இரட்டைப் புள்ளி வைத்து 'அ-ஈர்' என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள். 'நான் வெறுக்கிறேன்' என்னும்போது புள்ளிகள் போய்விட, வினை 'எ' என்ற ஒற்றை அசையாகிவிடும். 'வாதிட்டு நிறுவுதல்' என்ற வினை எழுத்தைப் பார்த்து 'அர்-கே' என்று தவறாகப் படிக்கப்பட்டுவந்தது. யு ஒலிக்க வேண்டும் என்று காட்ட 1990 திருத்தம் அதற்கும் இரட்டைப் புள்ளி தந்தது.

1826இல் தொடங்கிய புதுச்சேரியின் லிசே பிரான்ஸேயிலும், பாரீஸ் புறநகர்ப் பள்ளிகளிலும் பிரெஞ்சு படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கில் தனித்த சிக்கல்கள் உண்டு. வல்லின மெய்யில் சொல் முடிவதைத் தமிழ் நா ஏற்பதில்லை. 'ஜ-ஷெத்' என்பதை 'ஜ-ஷெ-து' என்று உகரம் சேர்த்துவிடும். அடைபட வேண்டிய அசை திறந்துகொள்ள, ஓர் அசை கூடிவிடுகிறது. இன்னொன்று ஸகரத்தின் அதிர்வு. 'அவர்களிடம் இருக்கிறது', 'அவர்கள் இருக்கிறார்கள்' என்ற இரண்டையும் தமிழில் 'இல்-ஸோன்' என்றே எழுத வேண்டியிருக்கிறது. பிரெஞ்சில் முதலாவது அதிரும், இரண்டாவது அதிராது. அசை தொடங்கும் மெய் ஒன்றில்தான் இரண்டு வினைகளும் வேறுபடுகின்றன. கைவிரலைத் தொண்டையில் வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்க்கச் சொல்வது பழைய உத்தி. இதற்கு அதைவிடத் தெளிவான பயிற்சி வேறில்லை.

நம் பிள்ளைகள் கூட்டும் அந்த ஈற்று உயிர் பிரான்சுக்கே அந்நியம் என்றும் சொல்லிவிட முடியாது. துலூஸ், மார்செய் பக்கம் போனால் 'பர்ல்' என்பது 'பர்-லெ' என்று இரண்டு அசையாகவே கேட்கும். அங்குள்ளோர் ஊமை உயிரை இன்னும் ஊமையாக்கவில்லை. அதே தெற்கில் 'நான் பேசுவேன்', 'நான் பேசக்கூடும்' என்ற இரண்டு வடிவங்களின் ஈறும் ஒரே மூடிய ஏகாரமாகிவிட்டது. இட விதி அங்கே முழு வலுவோடு வேலை செய்கிறது. பாரீசிலும் பலர் இன்று அவற்றைப் பிரித்து ஒலிப்பதில்லை. எதிர்காலத்தையும் நிபந்தனையையும் பிரிக்கும் ஒரே ஓர் எஸ், 'நான்' வடிவத்தைப் பொறுத்தவரை, கண்ணுக்கு மட்டும் உரியதாகிக்கொண்டு வருகிறது.